ஜிம் மூடியிருக்கிறதா? ட்ரெட்மில் வாங்குமுன் வீட்டுப் படியைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 48, எடை 84 கிலோ. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மதுரை கே.கே. நகரில் வாரம் ஐந்து நாள் ஜிம்மில் கார்டியோ (இதயத் துடிப்பை ஏற்றும் ஓட்டம், நடை போன்ற பயிற்சி) செய்துவந்தேன். கட்டட வேலை என்று பொங்கல் வரை மூடிவிட்டார்கள். விடியற்காலைப் பனியில் நடந்தால் மூக்கடைக்கிறது. வீட்டில் படி ஏறிப் பார்த்தேன். மூச்சு வாங்குகிறது, ஆனால் கையில் கட்டிய வாட்சில் இதயத் துடிப்பு 110-ஐத் தாண்டவில்லை. ஒரு புரோக்கர், ஜிம்மில் ஓடிய ட்ரெட்மில்லை 28,000 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்களுக்குத் தேவையானது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

முதலில் பனி. மதுரையில் மார்கழி விடியல் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிரை விடப் புகைதான் தொந்தரவு. விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து நிற்கும். குப்பை எரித்த புகையும் வண்டிப் புகையும் மேலே போக வழியில்லாமல் அதிலேயே கிடக்கும். வெயில் ஏறியபின் நடந்தால் பாதித் தொல்லை போய்விடும். விடுமுறை நாளில் எட்டு மணிக்கு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றுங்கள். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மற்ற நாளில் எங்கே நடப்பது என்று கேட்பீர்கள். நியாயம்தான். நடைபாதையைக் கடைக்கும் வண்டிக்கும் விட்டுவிட்டு, தினமும் நடங்கள் என்று முகாம் போட்டுச் சொல்வதில் என்ன பயன்?

மற்ற நாளுக்குப் படி. மாடிப்படியின் முதல் படி ஒன்று போதும். வழக்கமாக ஏழு அங்குலம் இருக்கும். வலது கால் மேலே, இடது கால் மேலே, வலது கீழே, இடது கீழே: இது ஒரு முறை. நிமிஷத்துக்கு 20 முறை செய்தால் வேகநடைக்குக் குறையாத வேலை. 28 முறை என்றால் மூச்சு நன்றாகவே இரைக்கும். முதல் எட்டு நிமிஷம் ஹாலில் நடந்து உடம்பைச் சூடேற்றுங்கள். பிறகு மூன்று நிமிஷம் படி, ஒன்றரை நிமிஷம் நடை என்று ஐந்து சுற்று. இரண்டாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் கடைசி நிமிஷத்தை 28-க்கு ஏற்றுங்கள். முடித்ததும் சட்டென்று உட்காரக்கூடாது. ரத்தம் காலிலேயே தங்கிவிடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலை சுற்றும். ஐந்து நிமிஷம் மெதுவாக நடந்துவிட்டு நில்லுங்கள்.

இதில் கெடுவது மூன்று இடத்தில். குதிகால் படிக்கு வெளியே தொங்கினால் குதிகாலுக்கு மேலுள்ள தசைநார் இழுக்கும். முழுப் பாதமும் படியில் இருக்கட்டும். ஒரே காலை முதலில் வைத்துக்கொண்டிருந்தால் அந்த முழங்கால்தான் வலிக்கும். நிமிஷத்துக்கொரு தடவை காலை மாற்றுங்கள். கைப்பிடியில் உடம்பைத் தொங்கவிட்டால் வேலை பாதியாகிவிடும். மழை நின்ற மொட்டை மாடியில் பாசி பிடித்திருக்கும், அங்கே வேண்டாம்.

ஐந்து நாளும் முடியாவிட்டால் கவலைப்படாதீர்கள். பயிற்சியை அடியோடு நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் தம் குறையத் தொடங்கும். நாளைக் குறைத்து வேகத்தைக் குறைக்காமல் இருந்தால் மாதக்கணக்கில் தாங்கும்.

இனி அந்த 110. எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. அட்டையை எடுத்துப் பாருங்கள். அட்டினலால், மெட்டோபுரோலால், பிசோபுரோலால் என்று பெயர் 'லால்' என முடிந்தால், இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதே அந்த மாத்திரையின் வேலை. உச்சத் துடிப்பைக் கணிக்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. 130 காட்டும்வரை விடமாட்டேன் என்று ஏறினால் விழுந்துவிடுவீர்கள். வாட்சைக் கழற்றி வையுங்கள். வாய்விட்டுப் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். 28-க்கு ஏற்றும் நிமிஷத்தில் நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கலாம். வாட்சில் எண் ஏறட்டும் என்று மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் பிரஷரும் எகிறும். கூடவே சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவருக்கு இன்னொன்று: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இந்த மாத்திரை மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. பெயர் அம்லோடிபின், டெல்மிசார்டன் என்று இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை; அப்போது வாட்ச் தளர்வாகக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சு இறுக்கினாலோ வலி கைக்கும் தாடைக்கும் பரவினாலோ நிறுத்தி 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த ட்ரெட்மில். ஜிம்மில் பகல் முழுக்க ஓடிய பெல்ட்டும் அடிப்பலகையும் தேய்ந்திருக்கும். புரோக்கர் ஆள் ஏறாமல் வெறுமனே ஓடவிட்டுக் காட்டுவார், சத்தமில்லாமல் ஓடும். நீங்கள் ஏறி மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் நடங்கள்; ஒவ்வொரு அடிக்கும் பெல்ட் நின்று நின்று போனால் அது தேய்ந்துபோனது. மோட்டாரின் சக்தி '3 எச்.பி.' (குதிரைசக்தி) என்று ஒட்டியிருப்பது பெரும்பாலும் ஒரு நொடி உச்ச சக்தி. தொடர்ந்து தருவது எவ்வளவு என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். ஜிம் மெஷினுக்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினால் ஒயர் உருகும். பில் இல்லாமல் வாங்கிய பொருள் பழுதானால் அந்த ஆள் போனை எடுக்கமாட்டார். கூடவே தள்ளிவிடப் பார்க்கும், எடை குறையும் என்று இடுப்பில் கட்டும் வியர்வை பெல்ட்டும் வேண்டாம். அதில் குறைவது தண்ணீர், ஒரு சொம்பு குடித்தால் திரும்பிவிடும்.

ஜிம்முக்கு வருடக் கட்டணம் கட்டியிருந்தால், மூடிய நாட்களைக் கூட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். 'திருப்பித் தரமாட்டோம்' என்று ரசீதில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. ரசீது தராதவர்கள்தான் அதிகம். பணம் அனுப்பிய யுபிஐ பதிவையும் வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள்.