முன்பணத்தை அடைக்காமல் சூளையை விட்டு வரலாமா?

வணக்கம் ஐயா. காட்பாடிக்கு அப்பால் செங்கல் சூளையில் இருக்கும் உங்கள் தங்கை குடும்பம், வாங்கிய 40,000 ரூபாய் முன்பணத்தை அடைக்காமல் வெளியேற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். முன்பணத்தைக் காட்டி, ஊருக்குத் திரும்பவோ வேறு வேலைக்குப் போகவோ விடாமல் நிறுத்தி வைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனும் அச்சட்டத்தாலேயே அற்றுப்போகிறது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது என்பதால், முதலாளியின் நோட்டில் வைத்த கைநாட்டை நினைத்து அஞ்ச வேண்டாம். வருவாய்க் கோட்டாட்சியரிடமோ, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமோ மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மீட்டபின் விடுதலைச் சான்றிதழ் கைக்கு வரவேண்டும் (வண்டியேறும் அவசரத்தில் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்); மறுவாழ்வு உதவித்தொகை கேட்க அந்தத் தாள்தான் ஆதாரம். மனு கொடுத்த செய்தி சூளைக்கு முன்கூட்டியே எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.