கல்லூரி ஃபுட்பாலில் யாரும் தொடாமலே விழுந்தாலும் டவுன்தானா?

கேள்வி இதுதான்: அமெரிக்கன் ஃபுட்பாலில் (பந்தைக் கையில் வைத்து ஓடும் ஆட்டம்) கல்லூரி ஆட்டம் ஒன்றில், பந்தோடு ஓடியவர் தானாகவே வழுக்கி விழுந்தார். எதிரணியில் யாருமே அவரைத் தொடவில்லை. ஆனாலும் டவுன், அதாவது அந்த ஓட்டம் அங்கேயே முடிந்தது என்று விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் இப்படி விழுந்தால் எழுந்து ஓடுகிறார்களே, இங்கே மட்டும் ஏன் கூடாது?

விதியே வேறு. என்எஃப்எல்லில் எதிரணி தொட்டிருக்க வேண்டும். கல்லூரியில் அந்தப் பேச்சே இல்லை. பந்து வைத்திருப்பவரின் உள்ளங்கை, விரல்கள், பாதம் தவிர உடம்பில் எது தரையில் பட்டாலும் அந்த நொடியே பந்து செத்துவிடும், அதாவது ஆட்டம் அங்கேயே நிற்கும். தள்ளிவிட்டார்களா, புல் ஈரத்தில் வழுக்கியதா, குனிந்து பந்தைப் பிடிக்கும்போது முழங்கால் பட்டதா என்று யாரும் கேட்பதில்லை. கையை ஊன்றிச் சமாளித்து ஓடலாம். முழங்கை பட்டால் முடிந்தது. விழுந்து கிடக்கும் எதிராளியின் முதுகுமேல் உருண்டால் மட்டும் தப்பு இல்லை, முதுகு தரை ஆகாதே! அதனால் சில சமயம் எல்லோரும் நின்றுவிட்ட பிறகும் ஒருவர் ஓடிக்கொண்டே இருப்பார்.

இந்தப் பழக்கம் ஒருவரை என்எஃப்எல்லில் மாட்டிவிட்டது. பிளாக்ஸிகோ பர்ரஸ் மிச்சிகன் ஸ்டேட்டில் ஆடிவிட்டு 2000-ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குப் போனவர். ஜாக்சன்வில் அணிக்கு எதிராக ஒரு பந்தைப் பிடித்து விழுந்தார், யாரும் தொடவில்லை. எழுந்து, ஆட்டம் நின்றுவிட்டது என்ற நினைப்பில் பந்தைத் தரையில் ஓங்கி அடித்தார். ஜாக்சன்வில்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கல்லூரியில் என்றால் அவர் விழுந்த இடத்திலேயே விஷயம் முடிந்திருக்கும். விழும் வேகத்தில் பந்து கை நழுவுவதும் அப்படித்தான்: உடம்பு தரையில் பட்டதால் நழுவினால் கல்லூரியில் அது ஃபம்பிள் (எதிரணியும் எடுத்துக்கொள்ளக்கூடிய நழுவல்) இல்லை.

விதி எளிது, பார்ப்பதுதான் கஷ்டம். 2015 அக்டோபர் 31, டர்ஹமில் டியூக், மயாமி பல்கலைக்கழக அணிகள் மோதின. 6 நொடி மீதமிருக்க டியூக் 27-24 என்று முன்னால் இருந்தது. டியூக் உதைத்துக் கொடுத்த கடைசிப் பந்தை (கிக்ஆஃப்) வாங்கிய மயாமி ஆட்கள் பந்தை ஒருவருக்கொருவர் பின்பக்கமாக வீசி வீசி, எட்டாவது வீச்சுக்குப் பிறகு கார்ன் எல்டர் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி ஓடிப்போய் டச்டவுன் வைத்தார். 30-27, மயாமிக்கு வெற்றி. ஆனால் நடுவில் மயாமியின் மார்க் வால்டன் பந்தை வீசும்போது, பந்து கையை விட்டுப் போகும் முன்பே முழங்கால் தரையில் பட்டுவிட்டது. ரீப்ளே பார்த்தும் நடுவர்கள் அதைத் திருத்தவில்லை. மறுநாள் இந்த இரு அணிகளும் ஆடும் கல்லூரி லீகான ஏசிசி அமைப்பே அது தவறு என்று ஒப்புக்கொண்டு அந்த நடுவர் குழுவை இரண்டு ஆட்டங்களுக்கு நிறுத்திவைத்தது. முடிவு மட்டும் மாறவில்லை. டியூக் ரசிகர்களிடம் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

தரையில் படாமலே டவுன் ஆகும் வழிகளும் உண்டு. நாலு பேர் பிடித்து முன்னேற விடாமல் செய்துவிட்டால் விசில்தான். காலை முன்னே நீட்டிச் சறுக்கத் தொடங்கினாலும் அந்த இடத்திலேயே பந்து செத்தது. 2021 ஏசிசி இறுதிப் போட்டியில் பிட் (பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக) அணியின் கென்னி பிக்கெட் சறுக்குவதுபோல் பாவனை காட்டினார். சறுக்குகிறவரை மோதினால் 15 யார்டு தண்டனை என்று எதிரணியான வேக் ஃபாரஸ்ட் ஆட்கள் வேகத்தைக் குறைக்க, அவர் நிமிர்ந்து ஓடி 58 யார்டு டச்டவுன் அடித்துவிட்டார். பார்க்க ஜோராக இருந்தது, ஆனால் எனக்கு அது நேர்மையான ஆட்டமாகப் படவில்லை. சில நாளிலேயே, பொய்ச் சறுக்கலும் சறுக்கல்தான், அங்கேயே விசில் ஊதுங்கள் என்று கல்லூரி விளையாட்டுகளின் தலைமை அமைப்பான என்சிஏஏ நடுவர்களுக்குச் சொல்லிவிட்டது.

அப்படியானால் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் உதைக்கும்போது முழங்காலிட்டுப் பந்தைப் பிடித்து வைக்கிறவர்? உதைப்பவர் தயாராக நிற்கிறவரை அவருக்கு மட்டும் விலக்கு. அவர் அப்படியே எழுந்து பாஸ் வீசலாம், ஓடவும் செய்யலாம்.