டே கேர் ஃபீஸுக்கு கவர்மெண்ட்ல உதவி கிடைக்குமா? சேலத்துல எங்க அப்ளை பண்றது?

வீட்டுக்காரர் தவறிட்டாரு, செவ்வாப்பேட்டையில வெள்ளிப் பட்டறை வேலை, பெரியவ ரெண்டாங்கிளாஸ், சின்னவனுக்கு ரெண்டு வயசு, டே கேருக்கே பாதி சம்பளம் போயிடுதுன்னு எழுதியிருக்கீங்க. படிச்சதும் ஏற்காட்டுல இருக்கற என் தங்கச்சி ஞாபகம்தான் வந்துச்சு, அவளுக்கும் இதே நிலைமைதான், அவளுக்காக அலைஞ்சதுல தெரிஞ்சதை சொல்றேன்.

டே கேர் ஃபீஸ்னு கேட்டுப் போனா எந்த ஆபீஸ்லயும் அப்படி எதுவும் இல்லைன்னுதான் சொல்வாங்க சிஸ்டர், நிறைய பேர் அதோட திரும்பி வந்துடறாங்க, அதுதான் எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. நீங்க கேக்க வேண்டியது மிஷன் வாத்சல்யாங்கற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்துல வர்ற நிதி ஆதரவு, ஸ்பான்சர்ஷிப்னும் சொல்வாங்க. அப்பா இல்லாத, அம்மா மட்டும் வளக்கற பிள்ளைக்கு மாசம் 4000 ரூபா. கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கன்னு கேளுங்க, அங்கதான் அப்ளிகேஷன், அதுக்கு காசு கிடையாது. வாங்கித் தரேன்னு யாராச்சும் பணம் கேட்டா குடுத்துடாதீங்க.

வருமான வரம்புதான் இதுல முக்கியம். கிராமத்துக்கு வருஷம் 72,000, டவுனுக்கு 96,000. நீங்க கார்ப்பரேஷன் லிமிட்ல இருக்கறதால உங்களுக்கு 96,000, மாசக் கணக்குல 8000. என் தங்கச்சி காபி எஸ்டேட்டுக்கு கூலிக்கு போறவ, அவ வருமானச் சான்றுக்கு எழுதிக் குடுத்தது பழம் பறிக்கற சீசன்ல, நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் தினமும் வேலை இருக்கும், கூலியும் கூட வரும், அந்த மாசக் கூலியை அப்படியே பன்னெண்டால பெருக்கினா 72,000ஐ தாண்டிடும், ஆனா மத்த மாசம் வாரத்துல ரெண்டு மூணு நாள்தான் வேலை. விஏஓ கிட்ட மாசம் மாசம் எத்தனை நாள் வேலை, என்ன கூலின்னு தாள்ல எழுதி விளக்கினப்புறம்தான் சரியான தொகை வந்துச்சு. உங்க பட்டறையிலயும் தீபாவளி, கல்யாண சீசன்ல ஆர்டர் கூட இருக்கும், மத்த நேரம் டல்லுதான், அதனால வருஷக் கணக்கா சொல்லுங்க, உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதும். சான்றுக்கு இ-சேவை மையத்துல 60 ரூபா.

இது கூட வீட்டுக்காரரோட இறப்புச் சான்று, பிள்ளைங்க பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பெரியவளுக்கு அங்க படிக்கறான்னு ஸ்கூல்ல குடுக்கற போனஃபைட் சான்று, எல்லாம் வேணும். அப்புறம் வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க, பயப்படாதீங்க, பிள்ளைங்க எப்படி இருக்காங்கன்னு பாக்கறதுக்குத்தான். கமிட்டி பாத்து முடிவு பண்றதால லேட் ஆகும், பணம் உடனே வரும்னு நம்பி கடன் வாங்கிடாதீங்க. பெரியவ ஸ்கூலுக்கு ஒழுங்கா போகணும், நாள்கணக்கா லீவு போட்டா நிறுத்திடுவாங்க.

அது வர்ற வரைக்கும் சின்னவனை அங்கன்வாடியில விடலாம், ரெண்டு வயசு ஆச்சுன்னா சேத்துக்குவாங்க, மதியச் சாப்பாடு, வாரத்துல மூணு நாள் முட்டை, எல்லாம் ஃப்ரீ. ஆனா பட்டறை விடற வரைக்கும் பாத்துக்க மாட்டாங்க, அதுதான் பிரச்சினை. அங்கன்வாடியோட சேந்த பகல்நேரக் குழந்தைகள் காப்பகம், பல்னாங்கற மத்திய அரசு திட்டத்துல இருக்கு, ஆறு மாசத்துல இருந்து ஆறு வயசு வரைக்கும், தினம் ஏழரை மணி நேரம். எல்லா அங்கன்வாடியிலயும் இருக்காது, உங்க பக்கம் இருக்கான்னு அங்கன்வாடிகளைப் பாத்துக்கற சிடிபிஓ (குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்) ஆபீஸ்ல விசாரிங்க. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல முதலாளியே காப்பகம் வைக்கணும்னு 2017ல சட்டத்தை திருத்தினாங்க, எஸ்டேட்டுக்கு 1951லயே இருந்துச்சு, ஆனா பத்து பேர் பட்டறையில நாம எதைச் சொல்லி கேக்கறது, அந்தப் பத்து பேர்லயும் அம்மாங்க இருக்காங்களே, இதை யாராச்சும் யோசிக்கணும்.

அப்ளிகேஷன் குடுக்கும்போது எல்லாத்தையும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க, குடுத்ததுக்கு கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கோங்க. ரொம்ப நாளா பதிலே வரலைன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு குடுங்க, அதுல அந்தத் தேதியை எழுதுங்க.