எல்லோருக்கும் பங்கு உண்டு, யாருக்கு எவ்வளவு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தளத்தை நெடுநாளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை.

நான் பள்ளி ஆசிரியை. சமீபத்தில் எங்கள் பள்ளியில் சுற்றுச்சூழல் தின விழா நடந்தது. சிறப்பு விருந்தினராக வந்தவர் ஒரு பெரிய ஆலையின் உயர் அதிகாரி. நன்றாகத்தான் பேசினார். "மண்ணும் நீரும் காற்றும் கெட்டதற்கு யாரையும் கைகாட்ட வேண்டாம். நாம் எல்லோருமே காரணம். மாற்றம் அவரவர் வீட்டிலிருந்து தொடங்கட்டும்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த ஆலையின் கழிவு எங்கே போய்க் கலக்கிறது என்று கைதட்டிய பிள்ளைகளுக்கே தெரியும். எனக்கு உள்ளே கொதித்தது. எழுந்து கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அன்று இரவு வீட்டுக் குப்பைக் கூடையைக் காலி செய்தேன். நெகிழி உறைகள், காலி பாட்டில்கள், ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறிந்தவை. அந்த ஆலையின் தயாரிப்பு ஒன்று என் குளியலறையிலேயே இருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அவரைக் கேள்வி கேட்க எனக்கு என்ன தகுதி என்று தோன்றிவிட்டது.

அவர் சொன்னது உண்மையா? உண்மை என்றால் எனக்கு ஏன் கோபம் வந்தது? வாங்கிப் பயன்படுத்துகிறவளுக்குக் கேட்கும் உரிமை இருக்கிறதா?

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

உங்களுக்கு வந்த கோபமும் நியாயம், வீடு திரும்பியபின் வந்த கூச்சமும் நியாயம். கூச்சம் வந்துவிட்டதால் கோபப்படும் உரிமை போய்விட்டது என்று நீங்களே முடிவுகட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 'நாம் எல்லோருமே காரணம்' என்பதை யார் சொல்கிறார், சொல்லிவிட்டு என்ன செய்கிறார் என்று பார்க்காமல் அது உண்மையா பொய்யா என்று சொல்ல இயலாது. இதை யோசிக்க மினமாட்டாவைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பாடப்புத்தகங்களில் பாதரச நஞ்சு என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சற்று உள்ளே போய்ப் பார்க்கலாம்.

ஜப்பானின் கியூஷு தீவில் ஷிரானுய் கடலோரம் இருக்கிறது மினமாட்டா. அங்கே சிஸ்ஸோ என்ற நிறுவனத்தின் ரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனத்தைத் தயாரித்தது. அதற்கு வினையூக்கி பாதரசம். வினை நடக்கும்போதே அதில் ஒரு பகுதி, நரம்புகளைத் தாக்கும் மெத்தில் பாதரசமாக மாறிக் கழிவுநீரோடு விரிகுடாவில் இறங்கியது. நுண்ணுயிரில் தொடங்கி, சிப்பி, சிறுமீன், பெருமீன் என்று ஏற ஏறச் செறிந்து, மீனைத் தின்றே வாழ்ந்த மீனவக் குடும்பங்களை வந்தடைந்தது. முதலில் பூனைகள். வெறிபிடித்ததுபோல் சுழன்று சுழன்று கடலில் விழுந்து செத்தன. பிறகு குழந்தைகள். நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, பார்வை சுருங்கியது. 1956 மே 1 அன்று, காரணம் தெரியாத நரம்பு நோய் பரவுகிறது என்று சுகாதார நிலையத்துக்குத் தகவல் போனது. தகவல் கொடுத்தவர் அந்த ஆலையின் மருத்துவமனைக்கே தலைவராக இருந்த டாக்டர் ஹொசோகாவா ஹஜிமே.

அவர் தகவலோடு நிற்கவில்லை. பூனைகளை வைத்துத் தானே சோதனை செய்தார். 400ஆம் எண் பூனைக்கு அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவுநீரைத் தீனியில் கலந்து கொடுத்துவந்தார். 1959 அக்டோபரில் அதற்கும் அதே வலிப்பு, அதே தள்ளாட்டம். நிர்வாகத்திடம் சொன்னார். அத்தகைய சோதனையைத் தொடரவேண்டாம் என்று நிர்வாகம் தடுத்தது. முடிவு வெளியே வரவில்லை. அதே டிசம்பரில் சைக்ளேட்டர் என்ற சுத்திகரிப்புக் கருவியை விழா எடுத்துத் திறந்தார்கள். மெத்தில் பாதரசம் போல நீரில் கரைந்த கரிமப் பாதரசத்தை நீக்குவதற்கு அது வடிவமைக்கப்படவே இல்லை. மாதக் கடைசியில் நோயாளிகளிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அனுதாபத் தொகை என்ற பெயரில் கொஞ்சம் பணம் தரப்படும். ஆலைதான் காரணம் என்று பிற்காலத்தில் தெரியவந்தாலும் மேற்கொண்டு இழப்பீடு கேட்கக்கூடாது. பூனைச் சோதனையின் முடிவு நிர்வாகத்துக்குத் தெரிந்த பிறகு எழுதிய ஷரத்து அது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

இதில் யாருக்கு என்ன பங்கு? நிறுவனத்தின் பங்கைச் சொல்லவேண்டியதில்லை. அரசு? 1968 மே மாதம் ஆலை அந்த உற்பத்தி முறையையே கைவிட்டது. அதன்பிறகுதான், செப்டம்பரில், ஆலைக் கழிவே நோய்க்குக் காரணம் என்று அரசு அறிவித்தது. 1959 முடிவிலேயே அரசு தடுத்திருக்க வேண்டும், தடுக்காதது தவறு என்று ஜப்பானின் உச்ச நீதிமன்றம் சொல்ல 2004 ஆகிவிட்டது.

ஊரின் பங்குதான் நாம் பேசத் தயங்குவது. 1959 நவம்பரில் மீனவர்கள் ஆலைக்குள் புகுந்தார்கள். அடுத்த சில நாட்களில் மேயர், நகர்மன்றம், வணிகர் சங்கம், ஆலையின் தொழிற்சங்கம் எல்லோரும் சேர்ந்து ஆளுநரிடம் போனார்கள். கழிவுநீரை நிறுத்தச் சொல்லாதீர்கள், நிறுத்தினால் ஆலை நின்றுவிடும், ஊரே அழிந்துவிடும் என்று முறையிட்டார்கள். நகரத்தின் வருமானம் அந்த ஆலையை நம்பி இருந்தது. நோயாளிகளின் வீடுகளை அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவைத்தார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளம் வரும் இடத்தை எதிர்த்துப் பேசுவது எவ்வளவு கடினம் என்று வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். ஆனாலும் அது ஒரு பங்குதான். அதை ஏற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள். 1968 ஆகஸ்டில் அதே தொழிற்சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. நோயாளிகளுக்காக இதுவரை எதையும் செய்யாமல் இருந்தது மனிதர்களாகவும் தொழிலாளர்களாகவும் எங்களுக்கு வெட்கம், இனி அவர்களோடு நிற்போம் என்று அறிவித்தது. நிர்வாகத்தோடு நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் சங்கமே இரண்டாக உடைந்து, அடிபட்டுத் தேறிய பின் அவர்கள் வந்து சேர்ந்த இடம் அது. நோயாளிகள் ஆலைமேல் தொடுத்த வழக்கில், 1970இல் டாக்டர் ஹொசோகாவாவும் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி நீதிமன்றத்துக்குச் சாட்சியம் சொன்னார். சில மாதங்களில் இறந்துபோனார். 1973இல் தீர்ப்பு நோயாளிகளுக்குச் சாதகமாக வந்தது. அந்த அனுதாபத் தொகை ஒப்பந்தம் செல்லாது என்றும் நீதிமன்றம் சொன்னது.

இனி உங்கள் குளியலறைக்கு வருவோம். சிஸ்ஸோ தயாரித்த அசிட்டால்டிஹைடு எங்கே போனது தெரியுமா? அதிலிருந்து ஆக்டனால் என்ற இன்னொரு ரசாயனத்தை எடுத்தார்கள். ஆக்டனாலிலிருந்து பி.வி.சி. நெகிழியை வளையும்படி மென்மையாக்கும் பொருளைச் செய்தார்கள். ஜப்பான் வீடுகளில் அந்தக் காலத்தில் புதிதாக நுழைந்த மென்மையான நெகிழிப் பொருட்களுக்குப் பின்னால் மினமாட்டாவின் பாதரசம் இருந்தது. வாங்கியவர்களுக்கு இது தெரியாது. தெரியவேண்டிய செய்தி ஆலைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தது.

ஒகாட்டா மசாட்டோ என்றொரு மீனவர். ஆறு வயதில், 1959இல், தந்தையை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். நோயாளியாக அங்கீகரிக்கச் சொல்லி முன்னணியில் நின்று போராடியவர். 1985இல் தன் விண்ணப்பத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். நானும் நெகிழிப் பொருட்கள் பயன்படுத்துகிறேன், வண்டி ஓட்டுகிறேன். நான் அந்த ஆலைக்குள் வேலை பார்த்திருந்தால் வேறுவிதமாக நடந்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று தன்னைக் கேட்டுக்கொண்டார். சிஸ்ஸோ எனக்குள்ளும் இருக்கிறது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

உங்கள் விருந்தினர் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். ஆனால் ஒகாட்டா சொல்லும்போது தலைவணங்கத் தோன்றுகிறது, விருந்தினர் சொல்லும்போது கொதிக்கிறது. காரணம் இருக்கிறது. ஒகாட்டா தன்மேல் ஒரு சுமையை ஏற்றிக்கொள்கிறார். தந்தையை இழந்தவர், தனக்குச் சேரவேண்டியதையே விட்டுக்கொடுத்துவிட்டுச் சொல்கிறார். அதனால் சிஸ்ஸோவின் பொறுப்பு ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. உங்கள் விருந்தினரோ தன் தோளில் இருப்பதை இறக்கி, எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தோளில் வைத்துவிட்டுப் போனார். ஒகாட்டாவின் சொற்களைச் சிஸ்ஸோ சொல்லியிருந்தால் அது அடுத்த சைக்ளேட்டராகத்தான் இருந்திருக்கும்.

எல்லோருமே உண்மையிலேயே காரணமாக இருந்த கதையும் உண்டு. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைப் புகைமூட்டம் மூடியது. ஏறக்குறைய 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பின்வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. ஆலைகளும் மின்நிலையங்களும் புகை கக்கியது உண்மை. ஆனால் லட்சக்கணக்கான வீடுகளின் கணப்பு அடுப்புகளில் எரிந்த நிலக்கரிக்கும் அதில் பெரும்பங்கு. அங்கே 'மாற்றம் வீட்டிலிருந்து தொடங்கட்டும்' என்று சொல்வதில் பொருள் இருந்தது. அதற்கும் வெறும் உபதேசம் போதவில்லை. 1956இல் சட்டம் வந்தது. புகை கூடாத பகுதிகள் வரையறுக்கப்பட்டன. அடுப்பை மாற்றும் செலவில் பெரும்பகுதியைப் பொதுப்பணத்திலிருந்து கொடுத்தார்கள். குளிரில் நடுங்கும் ஏழைக் குடும்பத்திடம் நிலக்கரியை விடு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டவில்லை.

ஓசோன் விஷயமும் இப்படித்தான். குளிர்பதனப் பெட்டியிலும் தெளிப்பான் புட்டியிலும் இருந்த குளோரோபுளோரோகார்பன் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று 1974இல் மொலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் சொன்னபோது, அமெரிக்காவில் ஏராளமானவர்கள் அந்தப் புட்டிகளை வாங்குவதை நிறுத்தினார்கள். நிறுத்தியதோடு நிற்காமல் தடையும் கேட்டார்கள். 1978இல் அங்கே தெளிப்பான்களில் அதற்குத் தடை வந்தது. 1987இல், ஓசோனை அழிக்கும் பொருட்களைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மான்ட்ரியல் ஒப்பந்தம். அதில் வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். 1990இல், மாற்றத்துக்கான செலவுக்கு வளர்ந்த நாடுகள் பணம் போடும் நிதியம் ஒன்றும் உருவானது. எல்லோருக்கும் பொறுப்பு உண்டு, ஆனால் ஒரே அளவல்ல என்று நாடுகள் எழுத்தில் ஒப்புக்கொண்டு, அதன்படி நடந்தும் காட்டிய அபூர்வமான இடம் இது. உலகின் பெரும்பகுதியில் ஓசோன் படலம் 2040 வாக்கில் 1980இன் நிலைக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

ஆகவே பங்கைப் பிரிக்கும்போது நான் பார்ப்பது இவ்வளவுதான். யாருக்கு முன்பே தெரிந்திருந்தது, யாரால் நிறுத்தியிருக்க முடியும், யாருக்கு லாபம் போனது. இந்த அளவில் உங்கள் குப்பைக் கூடைக்கும் ஒரு பங்கு வரும். அதைக் குறைத்துக்கொண்டே இருங்கள். ஆனால் கூடை முழுக்கத் தூய்மையானால்தான் வாய்திறக்கலாம் என்று காத்திருந்தால் உலகில் ஒருவரும் பேசமுடியாது. மாசுபடுத்துகிறவர்களுக்கு வேண்டியதும் அதுதான். வாங்குகிறவர் என்பதாலேயே உங்களுக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. உங்கள் பணத்தில் தயாராகும் பொருள் எதைக் கொன்று தயாராகிறது என்று நீங்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

பிள்ளைகளைப் பற்றி ஒன்று. இத்தகைய விழாக்களில் அவர்களை உறுதிமொழி எடுக்கவைப்பார்கள். காகிதத்தை வீணாக்கமாட்டேன், குழாயை மூடுவேன், மரம் நடுவேன். நல்லதுதான். ஆனால் அளவெடுக்கவும் கேள்வி கேட்கவும் அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நீரின் அமிலத்தன்மையை அளக்கும் தாளும், கரைந்த ஆக்சிஜனை அளக்கும் எளிய சோதனையும் பள்ளி ஆய்வகத்தில் சாத்தியம்தான். நீரோட்டத்தில் ஆலைக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று மாதாமாதம் நீரெடுத்து அளந்து ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பாதரசத்தை அதில் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நீர் எங்கே, எப்போது மாறுகிறது என்பது பிடிபடும். பெரிய சோதனையைக் கேட்டு அதிகாரிகளுக்கு எழுத அதுவே போதுமான காரணம்.

அந்த விருந்தினரை மறுபடி அழையுங்கள், கேள்வி நேரத்தோடு. உங்கள் கழிவுநீரில் என்னென்ன அளக்கிறீர்கள், உங்கள் ஆட்கள் அளக்கிறார்களா வெளியார் அளக்கிறார்களா, அந்த அறிக்கையை நாங்கள் பார்க்கலாமா என்று பிள்ளைகளே மரியாதையாகக் கேட்கட்டும். அவரும் மனிதர், ஹொசோகாவாவும் ஆலையின் சம்பளம் வாங்கியவர்தான். நல்ல பதில் சொன்னாரென்றால் அதையும் எனக்கு எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்