பல் ஊசி போட்டதும் படபடப்பு, மயக்கம்: அலர்ஜியா, விஷமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58, எடை 54 கிலோ. பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரை இல்லை. மூன்று மாதத்துக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல் எடுக்கப் போனோம். மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றார், கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டி, கண் இருட்டிச் சாய்ந்துவிட்டார். படுக்கவைத்து வேறு ஊசி போட்டார்கள், கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. சீட்டில் சிவப்பு மையில் ‘சைலோகெயின் அலர்ஜி’ என்று எழுதித் தந்தார்கள். இப்போது கண்புரை ஆபரேஷனுக்குப் போனால், அலர்ஜி டெஸ்ட் ரிப்போர்ட் கொண்டுவா என்கிறார்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் லேப் பையன், 8,000 ரூபாய்க்கு எல்லா மருந்துக்கும் சேர்த்து ஒரே டெஸ்ட் இருக்கிறது என்கிறார். எடுக்கலாமா? மருந்து விஷமாகிவிட்டதா? (வாசகி, விருதுநகர்)

மயக்கவியல் மருத்துவரின் பதில்:

8,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். சைலோகெயின், அதாவது லிக்னோகெய்ன் மாதிரியான மரப்பு மருந்துகளுக்கு அலர்ஜி இருக்கிறதா என்று ரத்தத்தை வைத்துச் சொல்ல நம்பத் தகுந்த டெஸ்ட் கிடையாது. அந்தப் பேக்கேஜில் கத்தரிக்காய், இறால், தூசி எல்லாம் வரும், பக்கம் பக்கமாகக் கலர் ரிப்போர்ட் வரும், உங்கள் கேள்விக்குப் பதில் மட்டும் வராது. ‘விஷமா’ என்பதும் இனி ரத்தத்தில் தெரியப்போவதில்லை. உடம்பில் ஏறிய லிக்னோகெய்ன் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும், மறுநாள் காலைக்குள் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். மூன்று மாதம் கழித்து எதைத் தேடுவது?

சரி, அன்றைக்கு என்னதான் நடந்தது? இதைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருப்பது பெரிய மெஷின் ஒன்றும் இல்லை, கடிகாரமும் நாடித்துடிப்பும்தான். எத்தனை மில்லி போட்டார்கள், எத்தனை நிமிடத்தில் ஆரம்பித்தது, நாடி வேகமாக ஓடியதா மெதுவாகப் போனதா, பி.பி. எவ்வளவு, தோலில் ஏதாவது தெரிந்ததா. இந்த ஐந்தும் இருந்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். உங்கள் சீட்டில் ஐந்தில் ஒன்றுகூட இருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

முதலில் அளவு. ஒரு கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக 2 மில்லி போடுவார்கள். 2 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மி.கி., ஆக 40 மி.கி. அட்ரினலின் (ரத்தக்குழாயைச் சுருக்கி மரப்பை நீடிக்கவைக்கச் சேர்ப்பது) கலந்தது என்றால் கிலோவுக்கு 7 மி.கி. வரை போகலாம் என்பது வழக்கமான கணக்கு. அம்மாவின் எடைக்கு அது 370 மி.கி.க்கு மேல், அதாவது 18 மில்லி. ஆகவே சதையில் போட்ட மருந்து மெல்ல ரத்தத்தில் ஊறி விஷமானது என்பது இங்கே ஒத்துவராது. அப்படி நடந்தாலும் பத்து நிமிடம், அரை மணி என்று பிடிக்கும், ஒரு நிமிடத்தில் வராது.

ஒரு நிமிடத்தில் வந்தது என்றால் ஒன்று பயம், அல்லது ஊசி முனை ரத்தக்குழாய்க்குள் இருந்திருக்கிறது. கீழ்க் கடைவாய்க்குப் போடும் ஊசி, நரம்பும் ரத்தக்குழாய்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும் இடத்தில் போகிறது. அதனால்தான் குத்தியதும் சிரிஞ்சைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, ரத்தம் ஏறி வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தள்ள வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறோம். வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது அந்த இரண்டு விநாடிக்குத்தான் பஞ்சம். பல் ஊசியில் சாதாரணமாக 80,000-க்கு 1 என்று அட்ரினலின் இருக்கும், மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம். அதில் கொஞ்சம் நேராக ரத்தத்தில் கலந்தாலே, நாய் துரத்தினால் எப்படி இருக்குமோ அப்படி நெஞ்சு அடிக்கும், கை நடுங்கும், வியர்க்கும். சில நிமிடங்களில் தானாகவே அடங்கும். நீங்கள் எழுதியிருப்பது ஏறக்குறைய இதேதான். கடைசியில் கண் இருட்டிச் சாய்ந்தது, வெறும் வயிற்றோடு பயந்துபோய் உட்கார்ந்திருந்தவருக்கு வரும் சாதாரண மயக்கமாக இருக்கலாம். அதில் நாடி வேகமாக ஓடாது, மெதுவாகிவிடும், படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் முகத்தில் ரத்தம் திரும்பும்.

உண்மையில் மருந்து தலைக்கேறினால் வேறு மாதிரி. வாயைச் சுற்றி இரண்டு பக்கமும் மரக்கும் (ஊசி போட்ட பக்கத்து உதடு மரப்பது கணக்கில் சேராது, அதற்காகத்தானே ஊசியே), நாக்கில் இரும்பை நக்கிய சுவை, காதில் ‘ஙொய்’ என்று இரைச்சல், பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் உளறுவார்கள், முகத்துச் சதை துடிக்கும், அப்புறம் வலிப்பு. அளவு அதிகமானால் இதயம். அம்மாவிடம் இப்போதே கேளுங்கள், காதில் இரைச்சல் கேட்டதா என்று. “கேட்டதா?” என்று மட்டும் கேளுங்கள், நான் சொன்ன பட்டியலை வாசித்துக் காட்டினால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார்.

“வேறு ஊசி போட்டதும் சரியாகிவிட்டது, அப்படியானால் அலர்ஜிதானே” என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்த ஊசி அனேகமாக அவிலும் (அலர்ஜி மருந்து) டெக்ஸாவுமாக (ஸ்டீராய்டு) இருக்கும், நம்மூரில் எது நடந்தாலும் அதுதான். அது போடாவிட்டாலும் கால் மணி நேரத்தில் சரியாகியிருக்கும்.

என்னிடம் ஒருவர் பதினோரு வருடமாக இதே முத்திரையோடு வந்தார். காலில் ஒரு சின்னக் கட்டியை எடுக்கக்கூட முழு மயக்கம் கொடுத்திருக்கிறார்கள். முறையாக டெஸ்ட் செய்யலாம் என்று படுக்கவைத்தேன். மருந்தை இன்னும் உடைக்கவில்லை, சிஸ்டர் கிட்னி ட்ரேயில் சிரிஞ்சை வைத்த சத்தத்துக்கே ஆள் வெளிறிப்போய், நாடி நாற்பதுக்கு இறங்கிவிட்டது. மருந்தே இல்லாமல் வந்த அலர்ஜி! அப்புறம் நிதானமாகப் போட்ட சைலோகெயின் அவரை ஒன்றும் செய்யவில்லை.

அதற்காக அலர்ஜியே கிடையாது என்று சொல்லவில்லை. அலர்ஜி என்று சொல்லி வருபவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட உண்மையாக இருப்பதில்லை, அவ்வளவுதான். உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு, கண்ணும் உதடும் வீங்குவது, மூச்சு இழுப்பு, இவற்றில் ஒன்று அன்றைக்கு இருந்திருந்தால் நான் மேலே சொன்னதை எல்லாம் ஓரம் வைத்துவிட்டு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இதில் ஒரு சிக்கலை மட்டும் விளக்கியாக வேண்டும், யாரும் இதைச் சொல்வதில்லை. பல் கிளினிக்கில் இருக்கும் பெரிய 30 மில்லி குப்பியில் லிக்னோகெய்ன் மட்டும் இல்லை. பல தடவை ஊசி குத்தி எடுப்பதால் கெடாமல் இருக்க மெத்தில் பாராபென் என்று ஒன்று சேர்க்கிறார்கள், அட்ரினலின் கெடாமல் இருக்க மெட்டாபைசல்பைட் என்று இன்னொன்று. சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது அந்தப் பதனப்பொருள்தான், லிக்னோகெய்ன் அல்ல. பெரிய குப்பியிலிருந்து எடுத்து டெஸ்ட் செய்தால் தடிக்கும், ‘சைலோகெயின் அலர்ஜி’ என்று எழுதிவிடுவார்கள். அதே ஆளுக்கு, நரம்பு வழியாக ஏற்றுவதற்கென்று பதனப்பொருள் சேர்க்காமல் வரும் லிக்னோகெய்னைப் போட்டுப் பாருங்கள், ஒன்றும் இருக்காது. குற்றவாளி ஒருத்தன், சிறைக்குப் போவது இன்னொருத்தன். ஆகவே டெஸ்ட் செய்பவரிடம் “பதனப்பொருள் இல்லாத மருந்தா, அட்ரினலின் இல்லாததா?” என்று கட்டாயம் கேளுங்கள். கேட்டால் முறைப்பார்கள், பரவாயில்லை.

வார்டில் முன்கையில் குத்தி, பேனாவால் வட்டம் போட்டு, பதினைந்து நிமிடம் கழித்து எட்டிப்பார்க்கும் ‘டெஸ்ட் டோஸ்’ இதற்கு ஈடாகாது. நீர்க்காத மருந்து தோலுக்குள் போனால் கொஞ்சம் சிவக்கத்தான் செய்யும், சிவக்காவிட்டாலும் உத்தரவாதம் இல்லை. சரியான முறை, நீர்த்த மருந்தில் தொடங்கி, தோலில் கீறிப் பார்த்து, பிறகு படிப்படியாக அளவைக் கூட்டிக்கொண்டே போவது, அவசர மருந்துகள் கைக்கெட்டும் இடத்தில். அரை நாள் ஆகும். அரை நாளுக்குப் பில் போட வழியில்லாததால் யாரும் செய்ய மாட்டேன் என்கிறார்கள், லேப் பேக்கேஜை எழுதிக்கொடுத்தால் எழுதியவருக்கும் ரத்தம் எடுப்பவருக்கும் ஏதோ கிடைக்கிறது. இதற்கு மேல் சொன்னால் எனக்குச் சண்டைதான்.

கண் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் கேட்பது அம்மாவைக் காப்பாற்ற அல்ல, தங்களைக் காப்பாற்றிக்கொள்ள. கண்புரைக்கு இப்போது பல இடங்களில் ஊசியே போடுவதில்லை, சொட்டு மருந்துதான். வழக்கமாக விடும் புரோபராகெயின் சொட்டு வேதியியல்படி லிக்னோகெய்ன் குடும்பமே அல்ல. “அம்மாவுக்குச் சொட்டு மருந்தில் செய்ய முடியுமா?” என்று கேளுங்கள். ஊசிதான் என்றால், மயக்க மருத்துவர் பக்கத்தில் இருப்பாரா, வலிப்பு வந்தால் ஏற்ற லிப்பிட் பாட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பால்போல வெள்ளையாக இருக்கும் கொழுப்புக் கரைசல், மருந்து விஷமானால் காப்பாற்றுவது அது. 1998-இல் எலிகளில் கண்டுபிடித்து 2006-இல் மனிதருக்குப் பயன்பட்டதை எழுதிவிட்டார்கள், இன்றும் சில இடங்களில் கேட்டால் “அது எதுக்கு சார்?” என்கிறார்கள்.

இந்த வாரமே அந்தப் பல் கிளினிக்குக்குப் போங்கள். சண்டைக்குப் போகாதீர்கள், பயந்துவிட்டால் ஒரு வரிகூட எழுத மாட்டார்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லி, அட்ரினலின் கலந்ததா, நாடி, பி.பி., தடிப்பு இருந்ததா, என்ன ஊசி போட்டுச் சரிசெய்தார்கள் என்று லெட்டர்பேடில் கேளுங்கள். அவர்களுக்கு நினைவில்லை என்றால் நீங்களும் அம்மாவும் நினைவில் இருப்பதை எழுதி, தேதி போட்டு வையுங்கள். பி.பி. மாத்திரையின் அட்டையையும் அதோடு வையுங்கள், பிராப்ரனலால் வகை என்றால் அட்ரினலின் பி.பி.யை இன்னும் கூடுதலாக ஏற்றிவிடும். இந்தத் தாளை எடுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரியில் மயக்க மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள், கவுன்ட்டரில் காட்டினால் திரும்பவும் டெஸ்ட் எடுத்துவா என்பார்கள்.