எட்டு அங்குலத் தொலைநோக்கியில் சூப்பர்நோவா தேடலாமா?

நாங்குநேரிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வாங்கியிருக்கிறேன். ஊருக்கு வெளியே இருட்டான குளத்தங்கரை இருக்கிறது. சூப்பர்நோவா தேட எங்கிருந்து தொடங்குவது, எதையெல்லாம் துணைக்கு வைத்துக்கொள்வது?"

உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று பெரும்பாலான சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை, கண்டுபிடிப்பவை இரவெல்லாம் வானத்தைப் படமெடுக்கும் தானியங்கித் தொலைநோக்கிகள். அப்படியிருந்தும், 2023 மே 19 அன்று எம்101 கேலக்ஸியில் (கேலக்ஸி என்றால் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம்) வெடிப்பைக் கண்டுபிடித்தவர் ஜப்பானிய அமெச்சூர் கொய்ச்சி இதகாகி. அதன் ஒளியளவு (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) 11 வரை போனது. உங்கள் கருவியில் தாராளமாகத் தெரிந்திருக்கும். ஆகவே தேடுங்கள், தயங்க வேண்டாம்.

நெல்லைச் சீமை இதற்கு அருமையான இடம். நம் அட்சரேகை 8.7 பாகை. கேலக்ஸிகள் குவிந்து கிடக்கும் கன்னி ராசிப் பகுதி, பங்குனியில் நடுநிசிக்கும் சித்திரையில் பத்து மணி வாக்கிலும் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, குற்றாலச் சாரல் இன்னும் தொடங்காத காலம் அது. தெற்கேயும் நமக்கு நிறையத் தெரியும். 1987-ல் வெறுங்கண்ணுக்கே தெரிந்த சூப்பர்நோவா நம் பக்கத்துக் கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்தது. இங்கே அந்த இடம் அடிவானத்திலிருந்து 12 பாகை உயரம் வரை ஏறும்.

தேடும் முறைக்கு நான் காட்டும் ஆள் ஆஸ்திரேலியப் பாதிரியார் ராபர்ட் எவன்ஸ். ஐபீஸில் கண் வைத்துப் பார்த்தே 42 சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தவர். நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளின் முகம் அவருக்கு மனப்பாடம். புதுப்புள்ளி ஒன்று வந்தால் உடனே உறுத்தும். நீங்கள் இருபதில் தொடங்குங்கள், கன்னி ராசியிலுள்ள எம்61 கேலக்ஸியை முதலில் வையுங்கள். 1926 முதல் 2020 வரை அதில் மட்டும் எட்டு வெடிப்புகள் பதிவாகியிருக்கின்றன. ஐபீஸில் அது மங்கலான ஒரு பஞ்சுத் துணுக்கு, நடுவில் சற்றே அடர்ந்த ஒளி. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு, நோட்டில் ஒரு வட்டம் போட்டு, சுற்றியுள்ள நட்சத்திரங்களைப் புள்ளி வையுங்கள். நேராக முறைத்துப் பார்க்காமல் பார்வையை ஓரமாகச் சாய்த்தால் மங்கலானவையும் தெரியும். நாலைந்து இரவு வரைந்தபின் நோட்டு தேவைப்படாது.

அப்புறம், கண்ணைப் பழக்க ஏற்கெனவே வெடித்தவற்றைப் பாருங்கள். ரோசெஸ்டர் வானியல் தளத்தில் தற்போதைய சூப்பர்நோவாக்களின் பட்டியல் இருக்கிறது. ஒளியளவு 13-க்குள் இருப்பதாகப் பொறுக்குங்கள். ஒப்பிட வேண்டிய நட்சத்திரங்களின் வரைபடத்தை அமெரிக்க மாறுநட்சத்திர நோக்கர் சங்கமான ஏஏவிஎஸ்ஓ இலவசமாகத் தருகிறது.

புதுப்புள்ளி கண்ணில் பட்டுவிட்டதா? பதறாதீர்கள். பழைய வான்படங்களை அலாதின் மென்பொருளில் திறந்து, அங்கே முன்பே நட்சத்திரம் உண்டா என்று பாருங்கள். கன்னி ராசியில் இன்னொரு சிக்கலும் உண்டு: சூரியப் பாதை அதன் வழியே போவதால் சிறுகோள்கள் அடிக்கடி குறுக்கே வரும். ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். இடம் மாறியிருந்தால் சிறுகோள்தான். மாறாவிட்டாலும் சிறுகோள் மையத்தின் எம்பிசெக்கர் இணையப் பக்கத்தில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

எல்லாம் தாண்டி நின்றால் புகைப்படம் எடுக்க வேண்டும். கேமரா வைத்திருக்கும் நண்பரை அழைத்தாலும் சரி. படத்தை அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட்டில் ஏற்றினால் அது எந்த வானப்பகுதி என்று கணக்கிட்டுத் தரும். அதைக்கொண்டு புள்ளியின் துல்லிய இடத்தை எடுக்கலாம். பிறகு, புதிதாகத் தோன்றும் வான்பொருள்களைப் பதியும் இணையதளமான டிரான்சியன்ட் நேம் சர்வரில் கணக்குத் தொடங்கி, இடம், ஒளியளவு, பார்த்த நேரம், அது அங்கே இல்லாமலிருந்த கடைசி நாள் ஆகியவற்றோடு பதியுங்கள். அந்தக் கடைசி நாளைச் சொல்லத்தான் உங்கள் நோட்டு.

நேரத்தை உலக நேரத்தில் எழுதுங்கள். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். தேதியும் பின்னால் போகலாம். ஏப்ரல் 12 அதிகாலை 2 மணிக்குப் பார்த்திருந்தால், பதிவில் ஏப்ரல் 11, 20:30.