பட்டை குறைந்ததா, தையல் கூடியதா?

கேள்வி: குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்துச் செய்யும் அடுக்குப் போர்வை) தைப்பதற்கென்றே வெட்டிச் சுருட்டி விற்கப்படும் பருத்தித் துணிப் பட்டைகளை இணையக் கடை ஒன்றில் வாங்கினேன். ஒவ்வொன்றும் இரண்டரை அங்குல அகலம், மொத்தம் 40 பட்டைகள் என்று உறையில் அச்சிட்டிருந்தது. மூன்று பட்டைகளை நீளவாக்கில் இணைத்து, ஆறரை அங்குலச் சதுரங்களாக வெட்டி, நெடுக்கும் குறுக்குமாக மாற்றி அடுக்கும் ‘ரெயில் ஃபென்ஸ்’ வடிவத்தைத் தைக்கத் தொடங்கினேன். இணைத்த துணியின் அகலம் ஆறேகால் அங்குலம்தான் வருகிறது. பட்டை அளவு குறைவு என்று நான் புகார் செய்தால், தையல்தான் பிழை என்று விற்பனையாளர் மறுக்கிறார். பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

பதில்: முடியலாம். ஆனால் நீங்கள் எழுதியுள்ள ஆறேகால் என்ற அளவு விற்பனையாளர் பக்கமே சற்றுச் சாய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டரை அங்குலப் பட்டைகள் மூன்று சேர்ந்தால் ஏழரை அங்குலம். ஒவ்வொரு தையலும் இருபுறமும் கால் கால் அங்குலமாக அரை அங்குலத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால், இரண்டு தையல்களுக்கு ஓர் அங்குலம் போக ஆறரை மிஞ்ச வேண்டும். தச்சர்கள் சொல்வதுபோல அங்குலத்துக்கு எட்டு நூல் என்று வைத்துக்கொண்டால், தையலுக்கு விட வேண்டியது இரண்டு நூல். நீங்கள் அறியாமல் இரண்டரை நூல் விட்டிருந்தால், ஒரு தையலில் ஒரு நூலாக இரண்டு தையல்களில் இரண்டு நூல், அதாவது சரியாகக் கால் அங்குலம் குறையும். கண்ணுக்குத் தெரியாத இந்த அரை நூல், எட்டுப் பட்டைகளை இணைக்கும் வடிவத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலத்தையே விழுங்கிவிடும்.

இது ஊகம்தான், தீர்ப்பு துணியின் பின்புறத்தில் இருக்கிறது. இணைத்த துணியைத் திருப்பிப் போட்டு, தையலிலிருந்து ஓரம்வரை எஃகு ஸ்கேலால் அளந்து பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இருந்தால் பிழை உங்களுடையது. துல்லியமாகக் கால் அங்குலமே இருந்தும், முன்புறத்தில் நடுப்பட்டை இரண்டு அங்குலத்துக்கு வெகுவாகக் குறைந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது இஸ்திரி. தையலோரத்தில் துணி முழுவதும் விரியாமல் சிறு மடிப்பாக நின்றுவிட்டால், அந்த மடிப்பும் அகலத்தைத் தின்னும். தையலை மூடியபடி ஒருமுறை அழுத்திவிட்டு, பிறகு முன்புறத்திலிருந்து விரித்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்தினால் மடிப்பு எடுபட்டுவிடும். துணி திரும்பும் இடத்தில் அதன் கனமும் கொஞ்சம் இடம் பிடிக்கும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் கால் அங்குலத்தைவிட ஓர் இழை குறைவாக விட்டுத் தைக்கிறார்கள்.

இதற்கும் பிறகு குறைவு மிஞ்சினால் பட்டையைச் சந்தேகிக்கலாம். இன்னும் தைக்காத, தண்ணீர் படாத பட்டைகள் சிலவற்றை எடுத்து, இரு முனைகளிலும் நடு மடிப்பிலும் அகலத்தை அளந்து, ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். முனைகளில் சரியாக இருந்து மடிப்பருகே பட்டை கூர்ந்து வளைந்தால், துணியை மடிப்புக்குச் செங்குத்தாக வெட்டவில்லை என்று பொருள். இது விற்பனையாளர் மறுக்க முடியாத குறை. ஓரங்கள் ரம்பப் பல் போல வெட்டப்பட்டிருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். அளவைச் சில தயாரிப்பாளர்கள் பல்லின் முனையிலிருந்தும் சிலர் பள்ளத்திலிருந்தும் கணக்கிடுகிறார்கள். இரண்டு விதமாகவும் அளந்து, எது இரண்டரை வருகிறதோ அந்த இடத்தையே தைக்கும்போதும் ஓரமாகக் கொள்ள வேண்டும். முனையைப் பிடிக்க வேண்டிய இடத்தில் பள்ளத்தைப் பிடித்ததால் வந்த வழக்கு இது என்றாலும் எனக்கு வியப்பில்லை.

எப்படி அளந்தாலும் குறைவு என்றால் சட்டம் உங்கள் பக்கம். அளவு முக்கியமான பொருளை உறையிட்டு விற்கும்போது அதன் அளவை உறையில் குறிப்பிட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. படங்களுடன் விற்பனையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பயனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். துவைத்த பட்டைக்கு மட்டும் யாரிடமும் வாதாட இயலாது, ஏனென்றால் பருத்தி சுருங்கும். வெட்டிய பட்டைகளைத் தைப்பதற்கு முன் நனைக்கவே கூடாது.

கேள்வி: இனி துணியை மீட்டர் கணக்கில் வாங்கி நானே வெட்டலாம் என்று இருக்கிறேன். ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டும் வட்ட பிளேடு), கட்டிங் மேட் (வெட்டும்போது துணிக்கு அடியில் விரிப்பது), ஸ்கேல் மூன்றும் சேர்ந்த தொகுப்பை வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். நான் பார்த்த தொகுப்புகளில் மலிவானது பெரும்பாலும் ஸ்கேலாகவே இருக்கிறது; துல்லியமோ அதில்தான் இருக்கிறது. ஆறு அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் கொண்ட, தடித்த, ஒளி ஊடுருவும் அக்ரிலிக் ஸ்கேலுக்கு முதலில் செலவிடுங்கள். கடையிலேயே அதை எஃகு ஸ்கேலின் மேல் வைத்துக் கோடுகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒரு வேலையைத் தொடங்கிய ஸ்கேலாலேயே முடியுங்கள். மேட்டில் அச்சிட்ட கோடுகளை நம்பி அளக்காதீர்கள். கட்டர் 45 மில்லிமீட்டர் போதும், மாற்று பிளேடு எளிதில் கிடைக்குமா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். மேட்டை வெயிலிலோ சூடான இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலோ வைத்தால் நெளிந்துவிடும், பிறகு நிமிராது. கட்டர் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று விற்பவர்கள் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்: ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் அதை அறிமுகப்படுத்தியதே 1979இல்தான், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் செமினோல் பழங்குடிப் பெண்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கையால் சுற்றும் இயந்திரத்தில் பட்டைகளை இணைத்து, குறுக்கே வெட்டி, மீண்டும் இணைத்து, எண்ண முடியாத அளவுக்குச் சிறிய கட்டங்களை உருவாக்கினார்கள். மீட்டர் துணியை மட்டும் வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்தித் தேய்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது கறுப்பு நிறப் பழைய காலால் மிதிக்கும் இயந்திரம். இதற்குக் கால் அங்குல ஃபுட் (ஊசியருகே துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: அவசியமில்லை. ஸ்கேலின் கால் அங்குலக் கோடு ஊசி முனையில் படும்படி கைச்சக்கரத்தைச் சுற்றி ஊசியை இறக்கி, ஸ்கேலின் ஓரத்தை ஒட்டித் தட்டின்மேல் தடித்த அட்டைத் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். துணியை நகர்த்தும் இயந்திரப் பற்கள் இருக்கும் இடத்தை மறைக்காதீர்கள். ஒன்றரை அங்குலத் துண்டுகள் மூன்றை இணைத்துத் தேய்த்துப் பாருங்கள். நடுத்துண்டு சரியாக ஓர் அங்குலம் இருக்கும்வரை அட்டையை நகர்த்தி ஒட்ட வேண்டியிருக்கும். எனக்கு நான்கு முறை ஆயிற்று.